வக்கீல் கைவிட்டால் வயலையும் விட்டுவிடுவதா?



தண்ணீருக்கும் விலைக்கும் போராடுகிற சங்கம் கோர்ட்டு விவகாரத்தை ஏன் எழுதுகிறது என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. சிற்றாற்றுப் பாசனத்தில் தண்ணீர் வராமல் போனால் ஒரு பூ போகும். அடுத்த பூவில் சமாளித்துக்கொள்ளலாம். கோர்ட்டில் கேஸ் போனால் நிலமே போகும். அப்படி நிலம் போகிற நிலைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக நம் சங்கத்துக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள்.

வருகிறவர் கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் பட்டா, பழைய கிரயப் பத்திரம், மடிப்பு கிழிந்த கோர்ட்டுப் பேப்பர். வரப்புத் தகராறு, கிணற்றுப் பங்கு, பாதை, அண்ணன் தம்பி பாகம், ரோட்டுக்கு எடுத்த நிலத்துக்கு நஷ்டஈடு, இப்படி ஏதோ ஒன்று. "கேஸ் என்னாச்சு அண்ணாச்சி?" என்று கேட்டால், "வக்கீல் பார்த்துக்கிடுதாரு" என்பார். எத்தனை வருஷமாகப் பார்க்கிறார்? "அது ஆச்சு, நாலஞ்சு வருஷம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் குமாஸ்தா நீங்க வர வேண்டாம்னுட்டாரு." அப்புறம் ஒருநாள் அமீனா வீட்டு வாசலில் வந்து நிற்பார். அன்றைக்குத்தான் தெரியும், கேஸ் எப்பவோ எக்ஸ்பார்ட்டி ஆகிப்போன கதை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கேஸ் தோற்றுவிட்டது என்பதற்காக வக்கீல் மோசம் செய்துவிட்டார் என்று ஆகாது. நம் பக்கம் பத்திரம் இல்லை, சாட்சி இல்லை என்றால் எந்தக் கொம்பனாலும் ஜெயிக்க முடியாது. அவர் சொன்ன யோசனை தவறாகப் போனாலும் அது மோசடி ஆகிவிடாது. நான் சொல்வது வேறு. வாய்தாவுக்குப் போகாமல் இருப்பது, போகாமலே போனதாகச் சொல்வது, தள்ளுபடி ஆனதை மறைப்பது, அப்பீல் போட்டாச்சு என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டுப் போடாமல் இருப்பது, கட்டைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பது. இவைதான் குற்றம். எல்லா வக்கீலும் இப்படி என்று நான் சொல்ல மாட்டேன். விவசாயிகள் கேஸ் என்றால் காப்பிக் காசுகூட வாங்காமல் வாதாடுகிறவர்களையும் பார்த்திருக்கிறோம்.

இனி ஒரு உண்மை வழக்கைச் சொல்கிறேன். நம் தமிழ்நாட்டு வழக்குதான். பாலகிருஷ்ணன் எதிர் கிருஷ்ணமூர்த்தி என்று பெயர். 3.9.1998 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சொத்து யாருக்கு உரிமை என்ற வழக்கில் 1991 அக்டோபரில் பாலகிருஷ்ணனுக்கு எதிராக எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகிவிட்டது. அதை நீக்கக் கேட்டு ஒரு வக்கீலை வைத்து மனுப் போட்டார். அந்த மனு 17.2.1993 அன்று யாரும் ஆஜராகாததால் தள்ளுபடி. வக்கீல் சொல்லவே இல்லை. 1995 ஜூலையில் நிறைவேற்று மனு சம்மன் வந்தபோதும் இவர் அதே வக்கீலிடம்தான் போனார். அவரும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, 2,000 ரூபாயும் வாங்கிக்கொண்டு, அப்போதும் ஒன்றும் செய்யவில்லை. ஆகஸ்டில் வாரண்ட் வந்தது. அப்போதுதான் மனுஷனுக்குச் சந்தேகம் தட்டி நேரே கோர்ட்டுக்கே ஓடிப் பார்த்தார். மனு தள்ளுபடியாகி இரண்டரை வருஷம் ஆகிவிட்டது. வக்கீலோ தொழிலை விட்டுவிட்டு ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

இந்த இடத்தில் நம்மில் பாதிப்பேர் "விதி" என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். அவர் உட்காரவில்லை. ஆகஸ்ட் மாதமே, 19ஆம் தேதி, தள்ளுபடியை நீக்கச் சொல்லி மனுப் போட்டார். அதற்குச் சட்டம் தரும் கெடு 30 நாள். அது போக 883 நாள் தாமதம். தாமதத்தை மன்னிக்கவும் தனி மனுப் போட்டார். கூடவே அந்த வக்கீல் மேல் வடசென்னை மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் ஒரு லட்சம் கேட்டு வழக்குப் போட்டு, 50,000 ரூபாய் நஷ்டஈடும் 500 ரூபாய் செலவுத்தொகையும் கொடுக்க உத்தரவு வாங்கினார்.

தாமதத்தைக் கீழ்க் கோர்ட்டு மன்னித்தது. சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. உச்ச நீதிமன்றம் மறுபடியும் மன்னித்தது. எத்தனை நாள் தாமதம் என்பது முக்கியமில்லை, சொல்கிற காரணம் ஏற்கத்தக்கதா என்பதுதான் முக்கியம் என்றது. எதிர்க்கட்சிக்காரரை அலைக்கழித்ததற்காக இவரைப் பணம் கட்டவும் சொன்னது. போகட்டும், கேஸ் உயிரோடு திரும்பி வந்தது.

அவர் சொன்ன காரணத்தைக் கோர்ட்டு ஏன் நம்பியது? என் புத்திக்கு எட்டியது இதுதான். வாரண்ட் வந்த அந்த மாதமே மனுப் போட்டார். வக்கீல் மேல் வழக்கும் போட்டார். வக்கீல் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கிறார் என்று எவரும் சொல்ல முடியாதபடி நடந்துகொண்டார்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வக்கீல் மேல் பழி போட்டால் மட்டும் போதும் என்ற காலம் மலையேறிவிட்டது. 1981ல் ரஃபீக் எதிர் முன்ஷிலால் என்ற வழக்கில், வக்கீலை அமர்த்திப் பணத்தையும் கொடுத்துவிட்டு ஊருக்குப் போன கிராமத்தான், அவர் கோர்ட்டுக்கு வருகிறாரா என்று காவல் காத்துக்கொண்டிருக்க முடியாது, வக்கீல் செய்த தப்புக்குக் கட்சிக்காரனைத் தண்டிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் அதே உச்ச நீதிமன்றம் ரஜ்னீஷ் குமார் எதிர் வேத் பிரகாஷ் என்ற வழக்கில், வக்கீல் கவனக்குறைவாக இருந்தார் என்றே வைத்துக்கொண்டாலும் நீண்ட தாமதத்தை மன்னிக்க அது மட்டும் காரணம் ஆகாது, தன் வழக்கைக் கவனிக்கிற கடமை கட்சிக்காரருக்கும் உண்டு என்று சொல்லிவிட்டது. இரண்டு தீர்ப்பும் புத்தகத்தில் இருக்கின்றன. எதிராளி வக்கீல் இரண்டாவதைத்தான் காட்டுவார்.

ஆகவே சந்தேகம் வந்த அன்றே தென்காசிக்கோ, கேஸ் எங்கே நடக்கிறதோ அந்த ஊருக்கோ பஸ் ஏறுங்கள். வக்கீல் ஆபீசுக்குப் போகும் முன்னால் கோர்ட்டுக்குப் போங்கள். கேஸ் நம்பரைச் சொன்னால் என்ன நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். நம்பர் தெரியாவிட்டால் சம்மனில் இருக்கும். படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் செல்போனிலேயே ஈகோர்ட்ஸ் செயலியில் பார்த்துவிடலாம். ஒவ்வொரு கேசுக்கும் சி.என்.ஆர். நம்பர் என்று 16 எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு நம்பர் உண்டு. அதைப் போட்டால் இதுவரை நடந்த வாய்தா, அடுத்த தேதி, தள்ளுபடியா இல்லையா, எல்லாம் வரும். பேரனுக்கு இரண்டு நிமிஷ வேலை. அதை விட்டுவிட்டுக் குமாஸ்தாவுக்கு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

தீர்ப்போ தள்ளுபடியோ ஆகியிருந்தால் அன்றைக்கே நகலுக்கு மனுக் கொடுங்கள். அப்பீலுக்குக் கெடு எண்ணும்போது நகல் தயாராக ஆகிற நாட்களைச் சட்டம் கழித்துக்கொள்ளும். நகலே கேட்காமல் இருந்தால் எதைக் கழிப்பது? எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை நீக்கக் கேட்க 30 நாள். நாம் போட்ட கேஸ் ஆஜராகாமல் தள்ளுபடியானால் அதைத் திரும்ப எடுக்கவும் 30 நாள். முன்சீப் கோர்ட்டுத் தீர்ப்பின் மேல் சப் கோர்ட்டுக்கு அப்பீல் போகவும் 30 நாள்தான். நமக்குச் சம்மனே முறையாக வரவில்லை என்றால், எக்ஸ்பார்ட்டி விஷயத்தில் தீர்ப்பு நமக்குத் தெரியவந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். கெடு தாண்டிவிட்டால் மனுவோடு தாமத மன்னிப்பு மனுவும் சேர்த்துப் போட வேண்டும். அதில் எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார், எப்போது உண்மை தெரிந்தது, அடுத்த நாள் நாம் என்ன செய்தோம் என்று தேதிவாரியாக இருக்க வேண்டும். "எனக்கு உடம்பு சரியில்லை" என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரி எழுதினால் எந்த நீதிபதியும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார். அமீனா வரும் நிலை என்றால் நிறைவேற்றத்துக்குத் தடையும் சேர்த்துக் கேளுங்கள்.

வக்கீலை மாற்ற முடியுமா என்று கேட்கிறார்கள். தாராளமாக முடியும். பழைய வக்கீல் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் சுலபம். கொடுக்காவிட்டால் கோர்ட்டு அனுமதி வாங்கி மாற்றலாம். "ஃபீஸ் பாக்கி இருக்கு, கட்டுத் தர மாட்டேன்" என்று சொன்னால் அது செல்லாது. மத்தியப் பிரதேச மாநிலக் கூட்டுறவு வங்கிக்கே ஒரு வக்கீல் அப்படிச் சொல்லி வழக்குக் கட்டுகளைப் பிடித்து வைத்துக்கொண்டார். 2000ல் உச்ச நீதிமன்றம், பாக்கியைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள், கட்டைப் பிணையாக வைத்துக்கொள்ள உனக்கு உரிமை இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பதிவுத் தபாலில் கட்டைக் கேட்டு ஒரு கடிதம் போடுங்கள். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அது நாளைக்குத் தாமத மன்னிப்பு மனுவுக்கும் உதவும்.

புது வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் சட்டப்பணிகள் குழுவுக்குப் போங்கள். 1987ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற நம்பருக்குப் போன் போட்டும் கேட்கலாம். நிலம் வீட்டுப் பெண்கள் பெயரில் இருந்தால் மதினியோ அக்காவோ நேரில் போய்க் கேட்கலாம், யாரும் தடுக்க முடியாது. பீடி சுற்றிச் சேர்த்த காசை வக்கீலுக்குக் கொட்ட வேண்டியதில்லை.

கேஸைக் காப்பாற்றியபின் புகார். 1961ஆம் வருஷத்து வழக்கறிஞர்கள் சட்டம் 35வது பிரிவுப்படி சென்னையில் உள்ள தமிழ்நாடு பார் கவுன்சிலுக்குத் தமிழிலேயே புகார் எழுதலாம். அதற்கு ஒரு கட்டணம் உண்டு. கண்டிக்கலாம், தொழில் செய்யத் தடை போடலாம், பெயரையே நீக்கலாம். ஒரு வருஷத்துக்குள் முடிக்காவிட்டால் விவகாரம் டெல்லியில் உள்ள இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும்.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். சென்னையில் காது கேளாத ஒரு பெரியவரும் அவர் மனைவியும் இரண்டு புரோநோட்டை ஒரு வக்கீலிடம் கொடுத்தார்கள். வழக்கை முறையாக நடத்தாமலே, நடக்கிறது என்று சொல்லி ஏமாற்றினார் அவர். தமிழ்நாடு பார் கவுன்சில் 6 வருஷம் தடை போட்டது. இந்திய பார் கவுன்சில் அதை ஒரு வருஷமாகக் குறைத்தது. 1978ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் அந்தத் தண்டனையில் ஒரு பகுதியை மாற்றி, ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி செய், பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் கொடு என்றார். ஆறு வருஷம் ஒன்றாய்க் குறைந்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் ஒரு கிழவரும் கிழவியும் டெல்லி வரை ஒரு வக்கீலைப் பதில் சொல்ல வைத்தார்களே!

நுகர்வோர் கோர்ட்டு வழி மட்டும் இப்போது அடைபட்டுவிட்டது. பாலகிருஷ்ணனுக்குக் கிடைத்தது நமக்குக் கிடையாது. வக்கீல்களும் நுகர்வோர் சட்டத்துக்குள் வருவார்கள் என்று 2007ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதை, 14.5.2024 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. விதை சரியில்லை என்றால் விவசாயி நுகர்வோர் மன்றம் போகலாம் என்பது 2012 தீர்ப்பு. ஆஸ்பத்திரியில் தப்பாக வைத்தியம் பார்த்தாலும் போகலாம், அது 1995 தீர்ப்பு. வக்கீல் மேல் மட்டும் போக முடியாது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, வக்கீல் கட்சிக்காரரின் நேரடிக் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறாராம்! தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆபீஸ் வாசலில் மூன்று மணி நேரம் நிற்கிற நம்ம ஆளின் கட்டுப்பாட்டில்! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட வழி இன்னும் இருக்கிறது. ஆனால் வக்கீல் மேல் கேஸ் போட இன்னொரு வக்கீலைத் தேட வேண்டும், ஸ்டாம்பு கட்ட வேண்டும், வருஷக்கணக்கில் நடக்க வேண்டும்.

ரோட்டுக்கும் கால்வாய்க்கும் நிலம் கொடுத்தவர்களுக்குத் தனியாக ஒரு சொல். "கிடைக்கிற நஷ்டஈட்டில் இத்தனை பர்சன்ட் எனக்கு" என்று எழுதி வாங்கும் வக்கீல் இருந்தால் உஷார். ஜெயித்தால் பங்கு என்று பேசுவதைப் பார் கவுன்சில் விதியே தடை செய்திருக்கிறது. வெற்றுப் பேப்பரில் கையெழுத்தும் வேண்டாம், பாஸ்புக்கை ஒப்படைக்கவும் வேண்டாம். கொடுக்கிற பணத்துக்கு ரசீது கேளுங்கள். தரவில்லையா, பாங்கு வழியாகப் போடுங்கள்.

சங்கம் வைக்கிற கோரிக்கைகள் இவை: கேஸ் தாக்கலாகும்போதே கட்சிக்காரரின் செல் நம்பரைக் கட்டாயம் பதிந்து, வாய்தாவும் தள்ளுபடியும் அவருக்கே தமிழில் குறுஞ்செய்தியாகப் போக வேண்டும். நெல்லை, தென்காசி மாவட்டப் புகார்களைப் பார் கவுன்சில் மதுரையிலோ நெல்லையிலோ வைத்து விசாரிக்க வேண்டும். வக்கீல் கட்டணத்துக்கு ரசீது கட்டாயம் ஆக வேண்டும். இலவசச் சட்ட உதவி யாருக்கு உண்டு என்று வீரகேரளம்புதூர் தாலுகா ஆபீஸ் வாசலில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போர்டு வைக்க வேண்டும். நுகர்வோர் சட்டத்தில் வக்கீல் சேவையையும் சேர்த்துப் பாராளுமன்றம் திருத்தம் கொண்டுவர வேண்டும்.

இந்தக் கோரிக்கை மனுவில் கையெழுத்து வாங்க ஊர் ஊராக வருகிறோம். கோர்ட்டில் கேஸ் உள்ளவர்கள் கேஸ் நம்பரை எழுதி வையுங்கள். கையெழுத்து வாங்க வரும் தம்பிகள் அங்கேயே செல்போனில் போட்டு, கேஸ் இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்,
வீரகேரளம்புதூர்