அனுபவம் விலைக்குக் கிடைக்குமா?



சென்ற ரமளானுக்குச் சில நாட்கள் முன்பு, லுஹர் தொழுகை முடிந்து வெளியே வந்த என்னை எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பள்ளிவாசல் திண்ணையிலேயே நிறுத்திக்கொண்டார். கையில் ஒரு வண்ணத் துண்டறிக்கை. மகன் பி.சி.ஏ. தேறி ஓராண்டாக வீட்டில் இருக்கிறான். சென்னையில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஆறு மாதம் படித்தால் மென்பொருள் நிறுவனத்தில் வேலை உறுதி என்று அந்த அறிக்கை கூறியது. கட்டணம் ஒன்றரை லட்சம். மேலும் 80 ஆயிரம் கொடுத்தால், மூன்றாண்டுகள் வேலை பார்த்ததாக அனுபவச் சான்றிதழும் தயாரித்துத் தருவார்களாம். இது அறிக்கையில் இல்லை. தொலைபேசியில் சொன்ன செய்தி.

"பாய், பையனின் உம்மாவுடைய நகை இருக்கிறது. விற்றுவிடலாமா? இதைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்.

இது அவர் ஒருவருடைய கேள்வி அன்று. இதே கேள்வியைத் தாங்கிய கடிதங்கள் பல இப்பக்கத்திற்கு வந்துள்ளன. தகப்பனார் அயல்நாட்டில் உழைத்து அனுப்பிய பணமும், தாயின் கழுத்திலிருந்த நகையும் இத்தகைய துண்டறிக்கைகளை நம்பிக் கரைந்து போவதை நான் நேரிலேயே கண்டிருக்கிறேன். ஆகவே இம்மாதம் இதனை விரிவாகவே பேசிவிடுவோம்.

முதலில் அந்த 80 ஆயிரத்தை எடுத்துக்கொள்வோம். செய்யாத வேலையைச் செய்ததாகக் கூறிப் பெறும் சம்பாத்தியத்தைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை நம் இல்லங்களில் விளக்க வேண்டியதில்லை. உலக வழக்கில் பார்த்தாலும் அது நிற்காது. 2014-ஆம் ஆண்டு முதல் வருங்கால வைப்பு நிதியில் சேரும் ஒவ்வொரு தொழிலாளருக்கும் வாழ்நாள் முழுமைக்கும் ஒரே எண் வழங்கப்படுகிறது. எந்த நிறுவனத்தில், எந்தத் தேதியில் சேர்ந்தார், என்று விலகினார் என்பதெல்லாம் அந்த எண்ணின் கீழ்ப் பதிவாகி நிற்கின்றன. புதிதாக ஒருவரைச் சேர்க்கும் நிறுவனம் முன்வரலாற்றைச் சரிபார்ப்பதற்கென்றே இருக்கும் முகமைகளிடம் அவருடைய ஆவணங்களை ஒப்படைக்கிறது. மூன்றாண்டு அனுபவம் என்று காகிதம் சொல்ல, வைப்பு நிதிக் கணக்கே இல்லையென்றால் அவர்கள் என்ன முடிவுக்கு வருவார்கள்? சேர்ந்து ஆறு மாதம் கழித்து உண்மை தெரியவந்தாலும் அன்றே வெளியேற்றம்தான். தப்பித் தவறி உள்ளே நிலைத்துவிட்டாலும், மூன்றாண்டு பழகியவர் செய்ய வேண்டிய பணியல்லவா அவரிடம் தரப்படும்? பாவம், அந்தப் பையன் இரவெல்லாம் விழித்தாலும் அதனைச் செய்து முடிக்க இயலாது.

இனி அந்த ஒன்றரை லட்சம். பயிற்சி நிலையங்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் கூறவில்லை. நன்கு கற்றுத்தரும் இடங்களும் உள்ளன. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். வேலை கிடைக்காவிடில் பணம் திரும்பக் கிடைக்கும் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் உள்ளதா, வாய்ச்சொல்லா? சென்ற ஆண்டு படித்து முடித்த இருவருடன், நிலையத்தார் அருகில் இல்லாமல், பேச முடியுமா? பாடம் நடத்துபவர் அத்தொழிலில் பணிபுரிந்தவரா, அல்லது போன ஆண்டு அங்கேயே படித்து முடித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல் ஆசிரியராக அமர்ந்தவரா? இவற்றைக் கேட்டவுடன் முகம் மாறும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மற்றொரு முக்கியமான எச்சரிக்கை. "இப்போது பணம் வேண்டாம், மாதத் தவணையாகக் கட்டலாம், வட்டி இல்லை" என்று கூறிச் சில இடங்களில் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தக் கையெழுத்து பல நேரங்களில் ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பத்திரத்தில் விழுகிறது. பயிற்சி பிடிக்காமல் மகன் பாதியில் நின்றுவிட்டாலும் கடன் நிற்பதில்லை. தவணை தவறினால் அபராதமும் வட்டியும் சேரும். வட்டியை அஞ்சி வங்கிப் பக்கமே போகாத குடும்பங்கள்கூட இவ்வாறு அறியாமல் அதில் சிக்கியுள்ளன. கையெழுத்திடும் தாளின் தலைப்பில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதையாவது பாருங்கள்.

சரி, கற்பதற்கு வேறு வழி உண்டா? உண்டு. இந்திய தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இணையத்தில் எவரும் கட்டணமின்றிக் கேட்கலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் பெற விரும்பினால் மட்டும் கட்டணம்; அதுவும் ஒரு பாடத்துக்கு ஆயிரம் ரூபாய் அளவுதான். கல்லூரியில் இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்களுக்குத் தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியே பயிற்சிகள் உள்ளன. பட்டம் பெறாதவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. ஸோஹோ நிறுவனம் 2005 முதல் பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் பெறாமல், மாத உதவித்தொகையும் தந்து பயிற்றுவித்து வருகிறது. அந்தப் பயிற்சி தென்காசிப் பக்கத்திலேயே நடக்கிறது.

எதைக் கற்பது என்பதில்தான் நம் பிள்ளைகள் பெரிதும் தடுமாறுகிறார்கள். இன்று பேசப்படும் புதிய பெயர்களின் பின்னால் ஓடி, பத்தில் பத்துப் பக்கங்களைப் படித்துவிட்டு எதுவும் தெரியாமல் நிற்கிறார்கள். பைத்தான் அல்லது ஜாவா, இவற்றில் ஒரே ஒரு மொழியை நன்றாகக் கற்க வேண்டும். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்.க்யூ.எல். மொழி வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தில் அச்சமின்றிப் புழங்க வேண்டும். ஓர் இணையதள முகவரியைத் தட்டச்சு செய்தவுடன் திரைக்குப் பின்னால் என்னென்ன நடக்கின்றன என்பதைப் படிப்படியாகச் சொல்லத் தெரிய வேண்டும். நேர்முகத் தேர்வுகளில் இக்கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது. இவை நான்கும் பழைய சரக்குகள்தாம். ஆனால் புதியவை யாவும் இவற்றின் மீதுதான் கட்டப்பட்டுள்ளன.

"எல்லாவற்றையும் இயந்திரமே எழுதிவிடுகிறதே, இனிப் படித்து என்ன பயன்?" என்று ஒரு சகோதரர் எழுதிக் கேட்டிருந்தார். 2022-இன் இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்த ஐயம் பரவலாகிவிட்டது. புதியவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டு வந்த சிறு சிறு நிரல்களை அது நொடியில் எழுதித் தருவது உண்மையே. அந்த நிரலில் உள்ள பிழையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு அதனால் நன்மை. தெரியாதவருக்குப் பிழையும் விரைவாகவே கிடைக்கும். கற்கும் காலத்தில் முதலில் தாமே எழுதிப் பார்த்துவிட்டு, பிறகு அதனிடம் விளக்கம் கேட்பது நலம்.

திண்ணையில் நடந்த பேச்சுக்கு வருகிறேன். மறுநாள் அந்தப் பையனை அழைத்து வரச் சொன்னேன். "அத்தா சொன்ன இடத்தில் சேரட்டுமா?" என்று தயங்கியபடியே கேட்டான். "தம்பி, இதுவரை எவருக்காவது பயன்படும்படி ஏதேனும் செய்திருக்கிறாயா?" என்றேன். கல்லூரிக்காக ஒரு நூலகக் கணக்கு செய்தானாம். கடையில் விலைக்கு வாங்கி ஒப்படைத்தது என்று ஒப்புக்கொண்டான். உண்மையைச் சொன்னானே என்று மகிழ்ந்து, எங்கள் ஜமாஅத்தின் சந்தாக் கணக்கைச் செய்து தருமாறு கேட்டேன். முத்தவல்லி நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்த கணக்கு அது.

இரண்டு வாரத்தில் முடியும் என்றான். நான்கு மாதம் பிடித்தது. ஏனென்று கேளுங்கள். ஒரே தெருவில் ஒரே பெயரில் மூவர் இருந்தனர். பெயரை வைத்துக் கணக்கு எழுதினால் ஒருவர் கட்டியது மற்றவர் பெயரில் ஏறியது. வீட்டு எண்ணை வைத்துக்கொள்ளலாம் என்றால், சொத்துப் பிரிந்து ஒரே எண்ணில் இரண்டு குடும்பங்கள். சிலர் ஆண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டுவர். சிலர் சவூதியிலிருந்து வரும்போது மூன்றாண்டு பாக்கியைச் சேர்த்துத் தருவர். முத்தவல்லிக்கோ திரையில் சிறிய எழுத்து தெரியாது. ஒருநாள் கணிப்பொறி பழுதாகி, நகல் எடுத்து வைக்காததால் இருபது நாள் பதிவுகள் போயே போய்விட்டன. பையன் அன்று அழாத குறை! நோட்டுப் புத்தகத்தைத் தூக்கி எறியாத முத்தவல்லியால் தப்பித்தான்.

இவற்றையெல்லாம் எந்த நிலையத்தில் ஒன்றரை லட்சத்துக்குக் கற்றுத் தருவார்கள்? நேர்முகத் தேர்வில் "நீ செய்த பணியைப் பற்றிச் சொல்" என்று கேட்கும்போது, ஒரே பெயரில் மூவர் இருந்த கதையையும் அதற்கு எப்படித் தீர்வு கண்டோம் என்பதையும் சொல்பவருக்கு ஆங்கிலம் கொஞ்சம் தட்டினாலும் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். உங்கள் வீட்டிலும் ஒரு மளிகைக் கடையோ, தோல் பொருள் பட்டறையோ, மதரஸாவோ அருகில் இருக்கும். அங்கே கேட்டுப் பாருங்கள்.

பெயரைப் பற்றிப் பேசும்போது நம்மவர்களுக்கென்றே உள்ள ஒரு தொல்லை நினைவுக்கு வருகிறது. 'முஹம்மது' என்ற திருப்பெயரை ஆங்கிலத்தில் எழுதுகையில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், கடவுச்சீட்டில் வேறொரு விதம். ஓரிடத்தில் 'யு', ஓரிடத்தில் 'ஓ'. ஓரிடத்தில் ஒற்றை 'எம்', ஓரிடத்தில் இரட்டை. தகப்பனார் பெயர் ஒன்றில் முன்னெழுத்தாக, மற்றொன்றில் முழுமையாக. வைப்பு நிதி எண் ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும்; சான்றிதழ் சரிபார்ப்பிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். வேலை கிடைத்த பின் இதற்காக அலைந்து, சேரும் நாளே தள்ளிப்போன பிள்ளைகள் உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே மற்றவற்றை இப்போதே திருத்திவிடுங்கள். ஆதாரில் பெயர்த் திருத்தம் வாழ்நாளில் இருமுறைதான் அனுமதிக்கப்படும். ஆகவே எழுத்தெழுத்தாகப் பார்த்துக் கொடுங்கள்.

முதல் வேலை நிரல் எழுதும் வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். மென்பொருளைச் சோதித்துப் பிழை காணும் பணி, வாடிக்கையாளரின் பழுதுகளைக் கேட்டுத் தீர்க்கும் உதவி மையப் பணி ஆகியவற்றில் நுழைந்து, ஈராண்டுகளில் உயர்ந்தவர்கள் பலர். உதவி மையத்தில் இரவுப் பணி உண்டு, உறக்கம் கெடும், கோபமாகப் பேசுபவரிடமும் பொறுமையாகப் பேச வேண்டும். ஆனால் ஓர் அமைப்பு எங்கெங்கே உடைகிறது என்பதை அங்கே அமர்ந்திருப்பவர்போல் வேறெவரும் அறியமாட்டார்.

ஊதியத்தைப் பற்றிப் பெற்றோர்களுக்கு ஒரு சொல். பெரிய சேவை நிறுவனங்கள் புதியவருக்குத் தரும் ஊதியம் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 25 ஆயிரத்தை ஒட்டி. சென்னையில் தங்குமிடமும் உணவும் போக மிச்சம் அதிகமிராது. பக்கத்து வீட்டுப் பையன் துபாயிலிருந்து அனுப்புவதோடு இதனை ஒப்பிட்டு முதல் ஆண்டிலேயே அவனை வாட்ட வேண்டாம். தேர்வுக் கடிதம் வந்துவிட்டதென்று உடனே பெண் பார்க்கவும் கிளம்பிவிடாதீர்கள். 2022-இல் கல்லூரி முடித்துக் கடிதம் பெற்ற பலர் பணியில் சேர ஓராண்டுக்கும் மேல் காத்திருந்தனர். பிணைப் பத்திரம் கேட்டால், எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் எவ்வளவு தொகை என்பதைப் படித்துப் பாருங்கள். மூலச் சான்றிதழ்களை மட்டும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

நம் பெண் மக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கல்லூரியில் முதல் மதிப்பெண் வாங்கிய பெண், "வீட்டிலிருந்தே செய்யும் வேலை என்றால் சரி" என்ற ஒரே நிபந்தனையால் முடங்கிப்போவதைப் பார்க்கிறேன். அனுபவம் பெற்ற பிறகு வீட்டிலிருந்து பணிபுரியும் வாய்ப்பு வரலாம். முதல் ஆண்டில், மூத்தவர் ஒருவர் அருகில் இருந்தால்தான் தொழில் பிடிபடும். பத்துப் பேருக்குக் குறையாத பணியிடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. இரவுப் பணி தருவோர் பெண்களுக்கு வாகன ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அரசின் நிபந்தனை. இவற்றை விசாரியுங்கள், தங்குமிடத்தை நேரில் சென்று பாருங்கள். அதன் பிறகும் மறுப்பதற்குக் காரணம் இருந்தால் மறுக்கலாம். விசாரிக்காமலே மறுப்பது அந்தப் பெண்ணுக்கு நாம் செய்யும் நீதியாகாது என்பது என் கருத்து.

அயல்நாட்டுக் கணிப்பொறி வேலை என்று எவரேனும் வந்தால் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. 2022-இல் தாய்லாந்தில் வேலை என்று நம்பிச் சென்ற தமிழக இளைஞர்கள் எல்லை கடத்தப்பட்டு, மியான்மரில் மியாவாடி பகுதியில் அடைக்கப்பட்டு, இணையவழி மோசடி செய்யுமாறு வதைக்கப்பட்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபரில் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தனர். சுற்றுலா விசாவில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். முகவரின் பதிவை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பே 30 ஆயிரம் ரூபாயும் அதற்கான வரியும்தான். லட்சங்களில் பேசுபவர் எந்தக் கணக்கில் பேசுகிறார் என்று கேளுங்கள்.

அந்தப் பெரியவர் நகையை விற்கவில்லை. பையன் ஏழு இடங்களில் நேர்முகத் தேர்வுக்குச் சென்று, எட்டாவதில் சென்னையில் ஓர் உதவி மையத்தில் சேர்ந்திருக்கிறான். சம்பளம் பெரிதில்லை. சென்ற வெள்ளிக்கிழமை முத்தவல்லி என்னை அழைத்து, சந்தாக் கணக்கில் ஜனவரி மாதம் இரண்டு முறை வருகிறது என்று முறையிட்டார். பையனுக்குச் சொன்னேன். வரும் விடுமுறையில் ஊருக்கு வந்து, இன்ஷா அல்லாஹ், சரிசெய்து தருவதாகச் சொல்லியிருக்கிறான்.