காணி விற்கப் போகும் மருமகனுக்கு

என் சகோதரியின் மகன் அண்மையில் என்னிடம் யோசனை கேட்டு வந்தான். வங்கி வேலையை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் ஆதன விற்பனை முகவராகத் தொழில் தொடங்கப் போகிறானாம். "மாமா, ஒரு மோட்டார் சைக்கிளும் கைத்தொலைபேசியும் இருந்தால் காணும்தானே?" என்றான். காணாது என்றேன்.

இத்தொழிலைச் செய்பவரை நம்மவர் தரகர் என்று சற்று இளக்காரமாகவே அழைத்து வந்துள்ளனர். முகவர் என்று பெயரை மாற்றிக்கொள்வதால் மட்டும் மதிப்பு வந்துவிடாது. உறுதியை வாசிக்கத் தெரிந்தவனுக்கே அது வரும்.

நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்படாத காணி விற்பனை இலங்கையில் செல்லாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வகுத்த விதி அது. ஆனால், எழுதிக் கொடுப்பவர்தான் உரிமையாளர் என்பதை நொத்தாரிசின் கையொப்பம் மெய்ப்பிக்காது. அதைக் காணிப் பதிவகத்திலே தேட வேண்டும். போரினால் சிதறிய குடும்பங்களில் ஒரு காணிக்கு ஐந்து பங்காளிகள் ஐந்து நாடுகளில் இருப்பர். பிரிக்கப்படாத காணியில் தன் பங்கை விற்பவர் மற்றைய பங்காளிகளுக்கு முன்னரே அறிவித்தல் தேசவழமை முறை; இதற்கென 1947 இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் அனுப்பிய அற்றோணித் தத்துவம் அவர் இறந்ததும் பொதுவாக வலுவிழந்துவிடும். இலங்கைக் குடியுரிமையை இழந்தவர், சில விதிவிலக்குகள் தவிர, இங்கே காணி வாங்க முடியாது என்கிறது 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம்.

நான் பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில், எமது விளம்பரத்தைப் பார்த்து முற்பணம் கொடுத்த ஒருவர் அலுவலகத்துக்கு வந்து அழுதார். விற்றவரின் தங்கைக்கும் அக்காணியில் பங்கு இருந்தது, அவர் கையொப்பமிடவில்லை. "ஆளைக் காட்டுவதே என் வேலை, உறுதியைப் பார்ப்பதல்ல" என்றாராம் தரகர்.

முகவர் சட்டத்தரணி அல்லர் என்பது உண்மையே. எனினும், விற்பனை முடிந்தால்தான் தரகுப் பணம் கிடைக்கும் என்பதால், "இதை வாங்காதீர்கள்" என்று சொல்வது அவருக்கே நட்டமாகும். வீட்டில் அரிசி இல்லாத முகவரால் அதைச் சொல்லவே முடியாது. ஆகவே மருமகனுக்கு நான் சொன்னவை மூன்று. ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்க்காமல் வேலையை விடாதே. நொத்தாரிசு ஒருவரிடமும் நில அளவையாளர் ஒருவரிடமும் சில மாதங்கள் உதவியாளனாக இரு. எவரிடம் எவ்வளவு தரகு பெறுகிறாய் என்பதை முதல் நாளே எழுதிக் கொடு.

உறுதிப்படுத்த முடியாமல் நாம் நிறுத்திவைத்த செய்திகளுக்காக எந்த வாசகரும் எமக்கு நன்றி சொன்னதில்லை. ஆயினும் பத்திரிகையின் பெயரைக் காப்பாற்றியவை அவையே. காணி விற்பனையிலும் அப்படித்தான். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து ஊர்க் காணியை விற்க எண்ணும் வாசகர்கள், தம் முகவர் இதுவரை எத்தனை விற்பனைகளைத் தடுத்திருக்கிறார் என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

மருமகன் வங்கி வேலையை இன்னும் விடவில்லை. சனிக்கிழமைகளில் நொத்தாரிசு ஒருவரின் அலுவலகத்துக்குப் போய்வருகிறான் என்று சகோதரி சொன்னாள்.