சர்வர் செத்துப்போகவில்லை!

உபுண்டுவைப் புதிய பதிப்புக்கு மேம்படுத்தியாகிவிட்டது. திரை பளபளக்கிறது, பாட்டு பாடுகிறது, பிரிண்டர்கூட சொன்ன பேச்சைக் கேட்கிறது. அலுவலக மூலையில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிற நாஸ் பொட்டியை மவுண்ட் செய்யப் போனால் மட்டும் "ஹோஸ்ட் இஸ் டவுன்" என்று ஒரே ஒரு வரி. நேற்று சாயங்காலம் வரை திறந்த ஷேர் அது. பொட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. பிங் அடித்தால் பதில் வருகிறது. பக்கத்து மேசையில் இருக்கும் பழைய விண்டோஸ் 7 அதே பொட்டியிலிருந்து ஜாலியாகக் கோப்பு எடுத்துக்கொண்டிருக்கிறது. லினக்ஸ் மட்டும் அந்தப் பக்கம் ஆளே இல்லை என்று சாதிக்கிறது.

சுத்தப் பொய். பொட்டி உயிரோடுதான் இருக்கிறது, பேச்சுவார்த்தைதான் முறிந்துவிட்டது. அந்தப் பொட்டிக்குத் தெரிந்ததெல்லாம் எஸ்எம்பி 1 என்ற பழைய நெறிமுறை. மேம்படுத்திய லினக்ஸோ எஸ்எம்பி 2-க்குக் கீழே இறங்கிப் பேசமாட்டேன் என்கிறது. பேச மறுப்பது நியாயம். மறுத்ததை மறைத்துவிட்டு எதிராளி செத்துவிட்டான் என்று அறிவிப்பதுதான் அநியாயம்.

மறுப்பது ஏன் நியாயம்? எஸ்எம்பி 1983-ல் ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் ஆரம்பித்து வைத்த சமாச்சாரம். அதை யூனிக்ஸ் பக்கம் இழுத்து வந்தவர் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல். (எஸ், எம், பி மூன்றும் இதே வரிசையில் வருகிற சொல் எது என்று அகராதிக் கோப்பில் தேடியபோது சிக்கிய பெயர்தான் சாம்பா. நடனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை :-)) முதல் எஸ்எம்பியில் கட்டளைகள் மட்டும் நூற்றுக்கு மேல். 2006-ல் விஸ்டாவோடு வந்த எஸ்எம்பி 2 அதை 19-ஆகக் குறைத்தது. மறையாக்கம் வந்தது 2012-ல், எஸ்எம்பி 3-ல். 2017 மே மாதம் வானாக்ரை வந்து உலகம் முழுக்க கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டதே, அது பரவியது விண்டோஸின் எஸ்எம்பி 1 நிரலில் இருந்த ஓட்டை வழியாகத்தான். திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தும் போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பைப் புதிதாக நிறுவினால் எஸ்எம்பி 1 சர்வர் கூடவே வராது. ஆக, லினக்ஸ்காரர்கள் மட்டும் பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்று திட்டுவதற்கு இடமில்லை.

குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது. லினக்ஸ் டெஸ்க்டாப்பில் இந்தக் கோப்புகளுக்குப் போக இரண்டு கதவுகள். ஒன்று கெர்னல் வழி, அதாவது மவுண்ட் கட்டளையும் எஃப்எஸ்டேப் கோப்பும். இன்னொன்று கோப்பு மேலாளர் வழி. அது கெர்னலைக் கேட்பதில்லை, சாம்பாவின் நிரலகத்தைக் கேட்கிறது. கெர்னல் 2017-ல் 4.13 பதிப்பிலேயே எஸ்எம்பி 1-ஐ இயல்பிருப்பிலிருந்து எடுத்துவிட்டது. சாம்பா எடுத்தது 2019 செப்டம்பரில், 4.11 பதிப்பில். அதனால் உபுண்டு 16.04-லிருந்து 18.04-க்குப் போனவர்களுக்கு முதல் கதவு மூடியது. 18.04-லிருந்து 20.04-க்குப் போனவர்களுக்கு இரண்டாவதும் மூடியது. ஒரு கதவுக்குச் செய்த சாவி இன்னொன்றுக்குச் சேராது. சாம்பாவின் அமைப்புக் கோப்பை மாற்றிவிட்டு மவுண்ட் இன்னும் வேலை செய்யவில்லையே என்று ராத்திரி முழுக்க முழித்தவர்கள் நிறையப் பேர்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், கெர்னலுக்கு உண்மை தெரியும். டிஎம்இஎஸ்ஜி கட்டளை கொடுத்துப் பதிவேட்டைப் பார்த்தால், இயல்பிருப்பு பாதுகாப்பான நெறிமுறைக்கு மாறிவிட்டது, பழைய சர்வர் என்றால் வெர்ஸ்=1.0 என்று குறிப்பிடவும் என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறது! திரைக்கு வரும்போது அது "ஹோஸ்ட் இஸ் டவுன்" ஆகிவிடுகிறது. கோப்பு மேலாளர் இன்னும் மோசம், மென்பொருள் இணைப்பைத் துண்டித்தது என்று மொட்டையாகச் சொல்லும். 20-ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டிய ஒரு சின்னக் கடையில் 19-ஆம் தேதி ராத்திரி இந்தச் செய்தி வந்தால் என்ன ஆகும்? வன்தட்டு போய்விட்டது என்று நினைத்து பொட்டியை ரீசெட் செய்கிற ஆள் ஒருவராவது இருப்பார். கணக்கு நன்றாகத்தான் இருந்தது, அதை அழித்தது அந்த ஒற்றை வரி என்று ஆகும்.

நேர்மையாகச் சொல்ல முடியாத விஷயமும் இல்லை இது. ஓபன்எஸ்எஸ்எச் 2021-ல் 8.8 பதிப்பில் ஷா-1 கையொப்பத்தை நிறுத்தியது. 22.04-க்கு மாறியதும் பழைய பொட்டிகளுக்கு எஸ்எஃப்டிபி போகவில்லை. ஆனால் அங்கே வந்த செய்தியில், பொருந்தும் சாவி வகை இல்லை, எதிர்ப்பக்கம் தர முன்வருவது இது மட்டும் என்று பெயரோடு இருந்தது. படித்தவருக்கு அடுத்து எங்கே போவது என்று தெரிந்தது.

கோப்பு மேலாளரின் 'நெட்வொர்க்' பக்கம் காலியாக இருப்பதையும் நம்பக்கூடாது. ஒர்க்குரூப் பட்டியலைத் திரட்டுகிற பழைய முறை எஸ்எம்பி 1-ஐ நம்பியே இருந்தது. பட்டியல் வராவிட்டாலும், பொட்டி எஸ்எம்பி 2 பேசுமானால், அதன் ஐபி முகவரியை நேராக அடித்தால் ஷேர் திறந்துவிடும். அதுவும் திறக்கவில்லை என்றால் எஸ்எம்பிகிளையண்ட் நிரலில் அந்த ஒரு தடவைக்கு மட்டும் குறைந்தபட்ச நெறிமுறையை என்டி1 என்று கொடுத்துப் பார்க்கலாம். எந்தக் கோப்பையும் தொட வேண்டாம். அதில் பட்டியல் வந்தால் நோய் தெரிந்துவிட்டது.

மருந்து என்று எல்லோரும் கைமாற்றிக் கொடுப்பது, சாம்பா அமைப்புக் கோப்பில் அதே என்டி1 வரியை நிரந்தரமாகச் சேர்ப்பது. வேலை செய்யும், சரிதான். ஆனால் அந்த வரி மூலையில் இருக்கிற ஒரு பொட்டிக்கு மட்டுமானதல்ல, கோப்பு மேலாளர் இனி எந்த சர்வரைத் தேடிப் போனாலும் பழையதற்கு இறங்கிப் பேசச் சம்மதம் என்று அர்த்தம். வெர்ஸ்=1.0 அப்படியல்ல, எந்த மவுண்டில் எழுதப்படுகிறதோ அதோடு நின்றுவிடும். கூடவே படிக்க மட்டும் என்று போட்டுவிட்டால் இன்னும் நல்லது. இரண்டுக்கும் முன்னால் பொட்டியின் நிர்வாகப் பக்கத்துக்குள் ஒரு தரம் போய்ப் பார்க்க வேண்டும். பல பொட்டிகளில் எஸ்எம்பி 2 உள்ளேயே இருக்கும், யாரும் அதைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள்.

தேர்வே இல்லாத பொட்டி, தயாரித்தவரும் ஃபர்ம்வேர் தருவதை நிறுத்திவிட்டார் என்றால்? கம்பெனிகள் சட்டம் 2013-ன் இரண்டாம் அட்டவணை சர்வர், நெட்வொர்க் சாமான்களுக்குக் கொடுக்கிற ஆயுள் 6 வருடம். டெஸ்க்டாப்புக்கு 3. பத்து வருடப் பொட்டியின் மதிப்பைக் கணக்குப்பிள்ளை எப்போதோ தேய்த்து முடித்திருப்பார். ஷேரைப் படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்து, உள்ளே இருப்பதை வேறு வன்தட்டுக்கு நகலெடுத்து, நகல் திறக்கிறதா என்று நாலு கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, பொட்டியின் வயரைப் பிடுங்கிவிடலாம்.