நீரோட்டத்தில் ஒரு நாட்டின் வருவாய்

நாட்டு வருவாய் பெருகுவதையும் சுருங்குவதையும் ஏட்டில் படிப்போர் பலர். கண்ணாற் கண்டோர் சிலரே. அதனைக் காணச் செய்தவர் நியூசிலாந்திற் பிறந்து மின்பொறியியல் பயின்ற பில் பிலிப்ஸ் என்பார். 1949-ஆம் ஆண்டில் இலண்டன் பொருளியல் பள்ளியில் அவர் ஒரு பொறியை இயக்கிக் காட்டினார். ஏறத்தாழ 2 மீட்டர் உயரமுள்ள அப்பொறியின் கண்ணாடி போன்ற குழாய்களில் நிறமூட்டிய நீர் ஓடியது. அந்நீரே பணம்! வரி ஒருபாற் பிரியும். சேமிப்பு மற்றொருபால் ஒதுங்கும். அரசின் செலவு மீண்டும் ஓட்டத்திற் கலக்கும். திருகைச் சிறிது திருப்பி வரியை மிகுத்தால், நுகர்வுக்குச் செல்லும் நீர் மெலியும், வருவாயும் தாழும். எழுதுகோல் ஒன்று அம்மாற்றத்தை உடனுக்குடன் தாளில் வரைந்து செல்லும்.

இன்று இப்பணியைக் கணிப்பொறித் திரை ஆற்றுகின்றது. ஆற்று வெள்ளமும் சாலை நெரிசலும் அதில் நொடிதோறும் அசைகின்றன. விரல் பட்டால் காட்சி மாறுகின்றது. வியத்தற்குரியதே. ஆயினும், கோடு எழுவதைக் காண்போர் அதனை எழுப்பும் கணக்கைக் காண்பதில்லை. கணக்குப் பிழைபடினும் காட்சி அழகாகவே இருக்கும் அன்றோ? அதனை நம்பி மதகு திறப்போர் கரையோர மக்களின் உயிரையன்றோ பணயம் வைக்கின்றனர்! ஆதலின், திரைக்காட்சி அமைப்போர் அதன் உள்ளமைப்பையும் திறந்து காட்டுதல் கடன். பிலிப்சின் பொறிகளுள் ஒன்று இலண்டன் அறிவியல் காட்சியகத்தில் உள்ளது. நீர் ஓடாத வேளையிலும் அதன் குழாய்களைக் கண்ணால் தொடர்ந்து சென்று, எது எதனோடு இணைந்துள்ளது என்பதை ஒரு மாணவன் அறியலாம்.