கால் குளிர்ந்தால் விடியும் வரை காத்திராதீர்கள்

கீமோதெரபிக்கு வருவோரிடம் வாந்தி வரும், முடி உதிரும், வாய்ப்புண் தோன்றும் என்றெல்லாம் சொல்லி அனுப்புகிறோம். இரத்தம் உறையக்கூடும் என்பதைப் பலநேரங்களில் சொல்வதேயில்லை. அரிதான ஒன்றைச் சொல்லி ஏன் அச்சுறுத்த வேண்டும் என்று மருத்துவர் சிலர் கேட்பதுண்டு. அவ்வாதத்தை நான் ஏற்பதில்லை.

புற்றுக்கும் இரத்த உறைவுக்கும் உள்ள உறவு புதிதன்று. பாரிஸ் மருத்துவர் அர்மான் துரூசோ 1865-ஆம் ஆண்டிலேயே அதை எடுத்துரைத்தார். பின்னர்த் தம் உடலிலேயே அத்தகைய உறைவைக் கண்டு, தமக்கும் புற்று உண்டென உணர்ந்தார். 1867-இல் இரைப்பைப் புற்றினால் மறைந்தார்.

உறைவு பெரும்பாலும் கால் சிரைகளிலேயே உண்டாகும். பெருந்தமனியில் உண்டாவது குறைவு. அங்கே குருதி விரைந்து பாய்வதால் எளிதில் தேங்காது. ஆயினும் புற்று இரத்தத்தின் உறையுந்தன்மையை மிகுவிக்கிறது. சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் குழாயின் உட்சுவரைப் புண்படுத்துகின்றன. அச்சுவரில் ஒட்டிய உறைவு எவ்வித அறிகுறியுமின்றி இருந்துவிடலாம். புற்றின் அளவறிய எடுக்கும் சி.டி. ஸ்கேனில் தற்செயலாகத் தென்படுவதும் உண்டு. அப்போதே உறைவெதிர் மருந்தைத் தொடங்கிவிட இயலும்.

அதிலிருந்து ஒரு துணுக்கு பிரிந்து ஓடினால்தான் பேரிடர். குடலுக்குச் சென்றால் கடும் வயிற்றுவலி; சிறுநீரகத்துக்கென்றால் விலாவலி; மூளைக்கென்றால் வாய் கோணும், ஒரு கை தளரும். காலுக்குச் சென்றாலோ, கால் திடீரெனக் குளிர்ந்து, வெளுத்து, பொறுக்கவியலா வலியுடன் மரத்துப்போகும். இங்கேதான் குடும்பத்தார் ஏமாந்துபோகிறார்கள். சிஸ்பிளாட்டினும் பாதங்களை மரக்கச் செய்யும் அல்லவா? ஆனால் அந்த மரப்பு இரு பாதங்களிலும் வாரக்கணக்கில் மெல்ல ஏறுவது. இதுவோ பெரும்பாலும் ஒரே காலில், சில நிமிடங்களில் வருவது. 'கீமோ களைப்பு' என்று தைலம் தேய்த்துப் படுக்க வைத்துவிடுகிறார்கள். குருதியோட்டம் நின்ற காலைக் காப்பதற்கு ஏறத்தாழ 6 மணி நேரமே உண்டு. ஓரிரவு அதைவிட நீளமானது.

நள்ளிரவில் அழைத்தால் மருத்துவர் சினங்கொள்வாரோ எனத் தயங்க வேண்டாம், சினந்தால் சினக்கட்டும். 108-ஐ அழையுங்கள். அவசரப் பிரிவில் நுழைந்ததும், நோயாளி புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பதையும், மருந்தின் பெயரையும், கடைசியாக ஏற்றிய நாளையும் முதலில் சொல்லுங்கள். உறைவெதிர் மருந்து உட்கொள்பவர் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அம்மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எங்கள் பங்கும் உண்டு. இவ்வறிகுறிகளையும் இரவில் அழைக்க வேண்டிய எண்ணையும் டிஸ்சார்ஜ் சம்மரியின் முதற்பக்கத்தில், பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். அச்சம்மரி இன்றும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது; முதலில் அது தமிழுக்கு வரட்டும்.