4.1 கோடி இலக்கம் கொண்ட பகா எண்... மேச்சேரியில் 'ஜிபே' பண்றவருக்கு என்ன சம்பந்தம்?

ஆட்டுக்குப் பெயர்போன சேலம் மாவட்டம் மேச்சேரி. ஆடு வாங்குகிறவர் க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி, பின் நம்பர் போட்டதும் பணம் போய்விடுகிறது. அந்தச் சில நொடிகளுக்குள் பகா எண்களை நம்பிய கணக்குகளும் ஓடுகின்றன. அப்படியென்றால், அறியப்பட்டவற்றில் மிகப்பெரிய பகா எண் என்று 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட எண்ணுக்கும் நம்ம பணத்துக்கும் தொடர்பு உண்டா?

அது என்ன எண்?

1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடுவது பகா எண். 13,62,79,841 இரண்டுகளைப் பெருக்கி, அதிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைப்பதுதான் இந்தப் புது எண். மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். நொடிக்கு ஒரு இலக்கம் என நிறுத்தாமல் வாசித்தால் 474 நாட்களுக்கு மேல் ஆகும். அமெரிக்காவின் லூக் டுரான்ட், பல நாடுகளின் கிளவுட் ஜிபியூக்களை வைத்து இதைக் கண்டுபிடித்தார். 2018-ல் கிடைத்த முந்தைய சாதனை எண்ணுக்கு 2,48,62,048 இலக்கங்கள்.

ஏன் இந்த வடிவம்?

3, 7, 31, 127 எல்லாமே இதே பாணிதான். பெயர், மெர்சென் பகா எண்கள். ஆனால் எப்போதும் இது பலிக்காது: 11 இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்தால் 2047. அது 23 × 89. இந்த வகை எண்களைச் சோதிக்க லூகாஸ்-லேமர் என்ற குறுக்குவழி இருப்பதால்தான் சாதனைகள் பெரும்பாலும் இதிலேயே வருகின்றன.

இது ஓடிபியைக் காப்பாற்றுமா?

இல்லை. ஊருக்கே தெரிந்த எண்ணைச் சாவியாக வைக்க முடியாது. இணையப் பாதுகாப்பில் புழங்கும் ஆர்.எஸ்.ஏ. முறைக்கு சுமார் 300 இலக்கம் கொண்ட இரண்டு ரகசியப் பகா எண்கள் போதும். அவற்றைப் பெருக்குவது கம்ப்யூட்டருக்கு நொடி வேலை. பெருக்குத்தொகையை மட்டும் கொடுத்து அந்த இரண்டையும் பிரித்துக் கேட்டால்தான் சிக்கல். 2020-ல் 250 இலக்க எண்ணைப் பிரிக்கவே ஏராளமான கணினிகள் மாதக்கணக்கில் உழைத்தன.

இந்தியாவின் பங்கு?

ஓர் எண் பகா எண்ணா என்பதை, எந்த ஊகமும் இல்லாமல், உறுதியாகவும் வேகமாகவும் சொல்ல முடியும் என்று 2002-ல் நிரூபித்தவர்கள் ஐஐடி கான்பூரின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. 2006-ல் கோடல் பரிசும் பெற்றார்கள். கவனிக்க: பகா எண்ணா என்று 'சோதிப்பது' சுலபமானது, 'பிரிப்பது' இன்னும் கஷ்டம்தான். நம்ம பாதுகாப்பு நிற்பது இந்த இடைவெளியில்.

அப்போ ஆபத்தே இல்லையா?

இருக்கு. போதிய திறனுள்ள குவான்டம் கம்ப்யூட்டர் வந்தால் பிரிப்பதும் சுலபமாகிவிடும் என்று 1994-லேயே பீட்டர் ஷோர் காட்டிவிட்டார். அதனால்தான் அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2024 ஆகஸ்டில் மூன்று புதிய மறையாக்கத் தரநிலைகளை வெளியிட்டது. அதுவரை பகா எண் பூட்டு ஸ்ட்ராங்தான். திருடர்கள் அதை உடைக்க மெனக்கெடுவதில்லை. போன் போட்டு ஓடிபியைக் கேட்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டால் எந்தக் கணிதமும் காப்பாற்றாது.