செவிசாய்க்கும் கலை

மேல்நாட்டுத் துள்ளிசை என்றதும் வெறும் கூச்சல் என்று முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மிடையே பலர் உளர். அவர்கள் 1998 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான 'ஏ கோ கோ' என்னும் இசைத்தட்டை ஒருமுறை பொறுமையுடன் கேட்டருள வேண்டுகிறோம்.

அதன் நாயகர் ஜோன் ஸ்கோபீல்ட் என்னும் கிற்றார்க் கலைஞர். 1980களில் ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிசின் குழுவில் வாசித்தவர். அவரோடு சேர்ந்தோர், அவரினும் பத்து வயதுக்கு மேல் இளையவர்களான மெடெஸ்கி, மார்ட்டின், வூட் என்னும் மூவர். ஓர்கனும் முரசும் பேஸும் அவர்தம் வாத்தியங்கள். ஜாஸின் கற்பனையும், முதலடியை அழுத்தி நடக்கும் 'பங்க்' தாளமும், ஒரு மெட்டை மேடையிலேயே விரித்துச் செல்லும் 'ஜாம்' முறையும் இங்கே ஒன்றாய்க் கலக்கின்றன.

மெட்டுக்கள் யாவும் ஸ்கோபீல்ட் இயற்றியவையே. ஆயினும் அவர் எங்கும் முந்திக்கொள்வதில்லை. ஓர்கன் எழும்போது அவருடைய கிற்றார் பின்னின்று தாளத்தைத் தாங்குகிறது. ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் தொடுகிறார். முன்கூட்டி எழுதி வைக்காததை நால்வர் கூடி வாசித்தும் குழப்பம் நேராதது ஏன்? ஒவ்வொருவரும் தாம் வாசிப்பதினும் மிகுதியாகப் பிறர் வாசிப்பைக் கேட்கின்றனர்.

மாணவர்களே, மனம்போன போக்கில் வாசிப்பது சுதந்திரமன்று. தாளத்தை நால்வரும் காத்தமையாலேயே அங்கு கற்பனைக்கு இடம் கிடைத்தது. பெற்றோரே, இளையோர் பேசும்போது நாம் எத்தனை முறை தாளம் மட்டும் போட்டு நின்றிருக்கிறோம்?